கண்புரை அறுவை கற்பது எங்கே: திரையிலா, பொம்மைக் கண்ணிலா, பயணத்திலா?

கண் மருத்துவப் பட்டமேற்படிப்பை முடிக்கும் பலருக்கும் ஒரு குறை உண்டு. கண்புரையின் வகைகளைக் கேட்டால் வரிசையாகச் சொல்வார்கள். நுண்ணோக்கியின் கீழ் தனியாக ஒரு கேஸை முடிக்கச் சொன்னால் கை தயங்கும். முன்பு இதற்கு இருந்த வழி ஒன்றுதான்: கேஸ்கள் குவியும் பெரிய மருத்துவமனையில் இடம் கேட்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்புவது. இப்போது ஊரை விட்டு நகராமலே வெளிநாட்டு ஆசிரியரிடம் கற்கலாம் என்று பல திட்டங்கள் அழைக்கின்றன. இலவச இணைய வகுப்புகள் இருக்கின்றன. நம் அறுவை வீடியோவை அனுப்பி மதிப்பெண் வாங்கலாம். ஆபரேஷன் தியேட்டரிலிருந்தே நேரலையில் வழிகாட்டல் பெறலாம். அறுவையைக் கணினியில் போலியாகச் செய்து பழகும் எந்திரமான சிமுலேட்டர் முன் உட்கார்ந்து, கடல் கடந்து இருக்கும் பயிற்றுநர் சொல்லச் சொல்லச் செய்து பார்க்கலாம். எதில் நேரத்தைப் போடுவது, எதில் பணத்தைப் போடுவது?

கண்புரையை மட்டும் வைத்து இதைப் பார்க்கிறேன். கண்ணில் செய்யும் அறுவைகளில் அதிகம் நடப்பது இது. பயிற்சி பலன் தந்ததா இல்லையா என்று எண்ணிப் பார்த்த ஆய்வுகளும் இதில்தான் கணிசமாக உள்ளன.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்கப் பிரமாதமாக இருக்கும் நேரலை வழிகாட்டல், கண்புரை கற்கும் புதியவருக்கு மிகக் குறைவாகவே உதவும். யாரும் பெரிதாக விளம்பரம் செய்யாத வீடியோ மதிப்பீடு மிக அதிகமாக உதவும். கை பழக வேண்டிய பகுதியை எந்தத் திரையும் தராது. அதற்குச் செயற்கைக் கண்ணோ ஆட்டுக் கண்ணோ சிமுலேட்டரோ எதிரில் இருந்தே ஆக வேண்டும். பயணம் நல்லதுதான், ஆனால் திரும்பி வந்த ஊரில் கேஸ்கள் காத்திருக்க வேண்டும்.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக அறுவையைப் பற்றிச் சில வரிகள். கண்ணின் வில்லை ஒரு மெல்லிய உறைக்குள் இருக்கிறது. உறையின் முன்பக்கத்தில் வட்டமாக ஒரு திறப்பைக் கிழித்து (இதை ரெக்சிஸ் என்பார்கள்), கலங்கிப்போன வில்லையை எடுத்து, அதே உறைக்குள் செயற்கை லென்ஸை வைப்பதுதான் கண்புரை அறுவை. ஃபேகோ முறையில் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான வெட்டு வழியாக, மீயொலியால் வில்லையை உடைத்து உறிஞ்சுவார்கள். எஸ்.ஐ.சி.எஸ். என்னும் சிறுவெட்டு முறையில் கண்ணின் வெள்ளைப் பகுதியில் ஆறேழு மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு சுரங்கம், அதாவது டனல், போட்டு வில்லையின் கருவை முழுசாக வெளியே கொண்டுவருவார்கள். அதற்கு விலையுயர்ந்த எந்திரம் வேண்டாம், பெரும்பாலும் தையலும் வேண்டாம். இரண்டிலும் எல்லோரும் பயப்படுவது உறையின் பின்பக்கம் கிழிவதைத்தான். தியேட்டரில் இதைப் 'பிசி ரென்ட்' என்பார்கள். கிழிந்தால் பின்னாலுள்ள கண்ணாடிக் கூழ் முன்னால் வரும், லென்ஸை நிறுத்த இடம் போகும், விழித்திரைக்கும் ஆபத்து. ஒரு பயிற்சி நல்லதா என்று கேட்டால், அதை முடித்தவர்களின் கையில் எத்தனை உறை கிழிந்தது என்று பார்ப்பதுதான் நேர்மையான அளவுகோல்.

இரண்டில் எந்த முறையைக் கற்பது என்பதே ஆசிரியர் எங்கிருந்து வர வேண்டும் என்பதை ஓரளவு முடிவு செய்துவிடுகிறது. பணக்கார நாடுகளின் அறுவையாளர்கள் ஃபேகோவில் கைதேர்ந்தவர்கள், எஸ்.ஐ.சி.எஸ். அவர்களில் பலருக்குப் பழக்கமில்லை. நேபாளத்தில் இரு முறைகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2007இல் வெளியான ஆய்வில், ஆறு மாதம் கழித்துப் பார்வை இரண்டிலும் ஒரே தரத்தில் இருந்தது. எஸ்.ஐ.சி.எஸ். செய்ய ஆன சராசரி நேரம் 9 நிமிடம், ஃபேகோவுக்குப் பதினைந்தரை. முற்றிப்போன கண்புரையோடு நோயாளிகள் வரும் நாடுகளுக்கு எது பொருத்தம் என்பதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. அந்த முறையைச் சொல்லித்தர வல்லவர்கள் மதுரையிலும் காத்மண்டுவிலும் ஹைதராபாத்திலும் இருக்கிறார்கள். எல்லை தாண்டிய பயிற்சி என்றதும் மேற்கே இருந்து கிழக்கே பாடம் வருவதாகவே நம் மனம் நினைத்துக்கொள்கிறது. கண்புரையில் அது பாதி உண்மைகூட இல்லை.

கடிகாரமும் இதே பக்கம்தான் சாய்கிறது. நைரோபியில் காலை எட்டு மணிக்குத் தியேட்டர் தொடங்கும்போது மதுரையில் பத்தரை. இருவரும் விழித்திருக்கும், இருவரும் வேலையில் இருக்கும் நேரம். நியூயார்க்கில் காலை எட்டு என்றால் இங்கே மாலை ஐந்தரையோ ஆறரையோ ஆகிவிடும். தியேட்டரைக் கழுவிப் பூட்டியிருப்பார்கள்.

சரி, வாய்ப்புகளுக்கு வருவோம்.

இணைய வகுப்புகளைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. பார்வையிழப்பைத் தடுக்க உலக அளவில் இயங்கும் ஆர்பிஸ் அமைப்பு 2003இல் தொடங்கிய சைபர்சைட் தளம் கண் மருத்துவத் துறையினருக்கு இலவசம். பாடங்கள், நேரலை உரைகள், பதிவுகள், கடினமான கேஸ் ஒன்றின் படங்களை ஏற்றி நிபுணரின் கருத்தைக் கேட்கும் வசதி என்று எல்லாம் அங்கே உண்டு. பணம் போகப்போவதில்லை என்பதால் சேர்வதா வேண்டாமா என்று யோசிக்கவும் தேவையில்லை. ஒரு யோசனை மட்டும்: அழகாக முடிந்த அறுவைகளைக் காட்டும் உரைகளை விட, உறை கிழிந்த பிறகு என்ன செய்வது, வில்லை பின்னால் விழுந்தால் என்ன செய்வது என்று பேசும் உரைகளைத் தேடிப் பாருங்கள். ஊரில் சீனியர்கள் அமைதியாகக் கடந்துபோகும் பகுதி அதுதான். மற்றபடி, நூறு மணி நேரம் பார்த்தாலும் கை பழகாது. பார்த்தவருக்கும் அது தெரியும், சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியவருக்கும் தெரியும்.

வீடியோ மதிப்பீட்டில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இதற்குத் தேவை ஒரு நுண்ணோக்கிக் கேமரா, சுமாரான இணையம், பொறுமையான ஓர் ஆசிரியர். சர்வதேசக் கண் மருத்துவக் கழகம் உருவாக்கிய ஆஸ்கார் என்ற மதிப்பீட்டுப் பட்டியல் ஒன்று உண்டு. சினிமாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அறுவையை 20 கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நீங்கள் புதியவரா, தொடக்கநிலையா, சற்று முன்னேறியவரா, தேர்ந்தவரா என்று நான்கு படிகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஃபேகோவுக்கு ஒன்று, எஸ்.ஐ.சி.எஸ்.ஸுக்கு ஒன்று என்று தனித்தனிப் பட்டியல்கள். ஒவ்வொரு படியிலும் எப்படிச் செய்தால் எந்தப் பெயர் என்று விவரம் இருப்பதால், மதுரையில் இருப்பவரும் மெக்சிகோவில் இருப்பவரும் ஒரே வீடியோவைப் பார்த்து ஏறத்தாழ ஒரே மதிப்பெண் போட முடியும்.

"நல்லா பண்ணியிருக்கீங்க, இன்னும் பிராக்டிஸ் பண்ணுங்க" என்று தோளைத் தட்டிவிட்டுப் போகும் சீனியரிடம் கிடைக்காத ஒன்று இதில் கிடைக்கிறது. உங்கள் தடுமாற்றம் எந்தக் கட்டத்தில் என்பது தாளில் வந்துவிடுகிறது. டனலா, ரெக்சிஸா, கருவை வெளியே எடுப்பதா, மிச்சம் ஒட்டியிருக்கும் கார்டெக்ஸை, அதாவது வில்லையின் வெளி அடுக்கை, உறிஞ்சுவதா? அடுத்து எந்தப் பயிற்சிக்குப் பணம் கட்டலாம் என்ற முடிவே இந்தத் தாளில்தான் தொடங்க வேண்டும். ரெக்சிஸில் மட்டும் தடுமாறுபவர் நான்கு வார ஃபெலோஷிப் பயிற்சிக்கு விமானம் ஏறத் தேவையில்லை. எல்லாக் கட்டத்திலும் 'புதியவர்' என்று வருபவருக்கு மேலும் பத்து வீடியோ அனுப்பியும் பயனில்லை.

பெருவின் ட்ருஹியோ நகரக் கண் மருத்துவ நிறுவனத்தில் ஆர்பிஸ் இதைச் செய்து பார்த்தது. பயிற்சி மருத்துவர்கள் வெட் லேபில், அதாவது நோயாளி இல்லாமல் பழகும் பயிற்சிக் கூடத்தில், செய்ததைப் பதிவு செய்து அனுப்ப, தொலைவில் இருந்த ஆசிரியர்கள் பார்த்துத் திருத்தினார்கள். நோயாளியின் கண்ணைத் தொடும் முன்பே, பயிற்சி மேசையில் இருக்கும்போதே திருத்தம் வந்துவிடுகிறது. அந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

குறைகளும் உண்டு, சின்னக் குறைகள் அல்ல. நுண்ணோக்கியின் இரு கண்வில்லைகள் வழியே பார்க்கும் அறுவையாளருக்கு ஆழம் தெரியும். கேமரா ஒற்றைக் கண்ணால் பார்ப்பதால் பதிவில் ஆழம் தட்டையாகிவிடும். எஸ்.ஐ.சி.எஸ்.ஸில் டனலின் ஆழம்தான் எல்லாம். மேலோட்டமாகப் போனால் மேற்கூரை ஓட்டையாகும், ஆழமாகப் போனால் நினைத்ததற்கு முன்பே உள்ளே இறங்கிவிடும். திரையில் பார்க்கும் ஆசிரியருக்கு இருக்கும் ஒரே துப்பு, திசுவின் ஊடாகப் பிறைக்கத்தியின் விளிம்பு எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பது. பளிச்சென்று தெரிந்தால் மேலே இருக்கிறீர்கள், தெரியவே இல்லையென்றால் ஆழத்தில். படம் ஃபோகஸில் இல்லாவிட்டால் அந்தத் துப்பும் போயிற்று. ஆகவே கேமராவின் ஃபோகஸும் அறுவையாளரின் ஃபோகஸும் ஒத்துப்போகிறதா என்று கேஸ் தொடங்கும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.

ஃபேகோவில் வேறு தொல்லை. அங்கே வேலையில் பாதி காலில் நடக்கிறது. மிதியின் முதல் நிலையில் நீர் பாயும், இரண்டாவதில் உறிஞ்சும், மூன்றாவதில் மீயொலி சேரும். நுண்ணோக்கி வீடியோவில் கால் தெரியாது. எந்திரத்தின் எண்களைப் படத்தின் மேலேயே காட்டும் வசதி இருந்தால் அதைப் போட்டு அனுப்புங்கள். இல்லையென்றால் ஒரு கைப்பேசியை மேசைக்கு அடியில் வைத்துக் காலையும் எடுங்கள். கேலியாக இருக்கலாம், ஆனால் கையைப் பற்றி நான் சொல்லும் திருத்தங்களில் பாதி, காலைப் பார்த்ததும் மாறிவிடுகின்றன.

அப்புறம் இன்னொன்று. எல்லோரும் தங்கள் சிறந்த கேஸைத்தான் அனுப்புகிறார்கள், அதுவும் வெட்டி ஒட்டி. முப்பது நிமிட அறுவை எட்டு நிமிடமாக வரும். தடுமாறிய இருபத்திரண்டு நிமிடம் காணாமல் போயிருக்கும். அந்த இருபத்திரண்டுக்குத்தான் ஆசிரியர் வேண்டும். துறைத்தலைவர்கள் ஒரு விதி வைக்கலாம்: குறிப்பிட்ட நாளில் செய்யும் முதல் கேஸ், எப்படி முடிந்தாலும், வெட்டாமல் போகும்.

வீடியோவில் நோயாளியின் முகம் தெரியாது என்று அலட்சியமாக இருக்கவும் கூடாது. திரையின் மூலையில் பெயரும் மருத்துவமனை எண்ணும் ஓடிக்கொண்டிருக்கும். ஒலிப்பதிவில் செவிலியர் நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஒப்புதல் படிவத்தில் வெளிநாட்டுக்கு அனுப்புவது பற்றித் தனியாக ஒரு வரி இருக்க வேண்டும். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இதை வெறும் மரியாதை என்று சொல்லி ஒதுக்க முடியாது. ஒலியை அணைத்துவிட்டுப் பதிவு செய்தால் பாதிச் சிக்கல் தீரும்.

இனி கை பழகும் பயிற்சி. இந்தத் துறையில் எனக்கு மிக வலுவாகப் படும் சான்று, கண் மருத்துவர்கள் வில்லியம் டீன், மேத்யூ பர்ட்டன் முதலானோர் 2021இல் வெளியிட்ட, ஒலிம்பிக்ஸ் என்று பெயரிட்ட ஆய்வு. கென்யா, தான்சானியா, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் இருந்து 50 பயிற்சி மருத்துவர்களை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் ஒரு பாதிப் பேருக்குக் கேப் டவுனில் ஐந்து நாள் தீவிரப் பயிற்சி. மறுபாதிப் பேர் வழக்கமான பயிற்சியைத் தொடர்ந்தார்கள். ஓராண்டு கழித்து அவர்களுக்கும் அதே வாய்ப்பு. ஐந்து நாள் பயிற்சியில் நோயாளிகளே கிடையாது. எல்லாம் செயற்கைக் கண்களில், திரும்பத் திரும்ப, வீடியோ எடுத்துத் தங்களைத் தாங்களே மதிப்பிட்டபடி.

அடுத்த ஓராண்டில், பயிற்சி பெற்றவர்களின் கையில் பின் உறை கிழிந்தது 7.8 விழுக்காடு. பெறாதவர்களிடம் 26.6. நான்கில் ஒன்றுக்கும் மேல் கிழிந்த இடத்தில், பன்னிரண்டு பதின்மூன்றுக்கு ஒன்று என்று ஆகியிருக்கிறது. கோடிக்கணக்கில் விலைபோகும் கணினி எந்திரம் எதுவும் இதில் இல்லை. ரப்பரும் பிளாஸ்டிக்கும் கலந்த பொம்மைக் கண்ணும், பக்கத்தில் ஓர் ஆசிரியரும்தான்.

கணினிச் சிமுலேட்டர்களுக்கும் நல்ல சான்றுகள் உண்டு. ஜெர்மனியில் உருவான ஐஸி சிமுலேட்டரில் தேர்ச்சி பெறும்வரை பயிற்சி செய்தவர்களை டென்மார்க்கில் உண்மையான தியேட்டரில் பின்தொடர்ந்தார்கள். 18 அறுவையாளர்கள். புதியவர்களின் மதிப்பெண் 32 விழுக்காடும், ஓரளவு அனுபவம் உள்ளவர்களுடையது 38 விழுக்காடும் கூடியது. தேர்ந்தவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. பிரிட்டனில் முதலிரண்டு ஆண்டுப் பயிற்சி மருத்துவர்களின் உறை கிழிவு விகிதம் 2009இல் 4.2 விழுக்காடாக இருந்தது, ஐஸி பரவலான பிறகு 2015இல் 2.6 ஆனது. எல்லாப் புகழும் எந்திரத்துக்கே என்று சொல்ல முடியாது. ஆனாலும் திசை தெளிவு.

ஐஸி பெரும்பாலும் ஃபேகோவுக்கானது. எஸ்.ஐ.சி.எஸ்.ஸுக்கென்றே சிமுலேட்டர் செய்தது ஹெல்ப்மீசீ என்ற அமைப்பு. அதைத் தொடங்கிய ஆல் யூல்ச்சி ஒரு விமானி. பான் ஆம் என்ற அமெரிக்க விமான நிறுவனத்தின் நிறுவனருக்குச் சொந்த விமானியாக இருந்து, விமானிகளுக்குச் சிமுலேட்டரில் பயிற்சி தரும் ஃப்ளைட்சேஃப்டி நிறுவனத்தை உருவாக்கியவர். பயணிகளை ஏற்றிக்கொண்டு விமானம் ஓட்டிப் பழகக் கூடாது என்றால் நோயாளியின் கண்ணில் மட்டும் ஏன் பழக வேண்டும் என்ற கேள்வி அவரிடமிருந்து வந்ததில் வியப்பில்லை. இந்த எந்திரத்தில் திசுவின் எதிர்ப்பு கைக்குத் தெரியும். பயிற்றுநர் வேறு நாட்டில் இருந்துகொண்டு, இங்கே எந்திரத்தின் முன் இருப்பவரின் ஒவ்வோர் அசைவையும் பார்த்துத் திருத்தும் வகுப்புகளும் நடந்திருக்கின்றன. எல்லை தாண்டிய கைப்பயிற்சி என்று முழுப்பொருளில் சொல்லத்தக்கது என்னைக் கேட்டால் இது ஒன்றுதான்.

ஆனால் எந்திரம் நீங்கள் இருக்கும் ஊரில் இருக்க வேண்டுமே! மும்பையில் அவர்களுக்குப் பயிற்சி மையம் இருக்கிறது. ராமநாதபுரத்தில் இருப்பவர் அங்கே போவதும் ஒரு பயணம்தான், கடவுச்சீட்டு மட்டும் வேண்டாம். ஆகவே சிமுலேட்டரா செயற்கைக் கண்ணா என்று கேட்டால், பல கல்லூரிகள் சேர்ந்து ஒரு மையம் வைத்து நாள் முழுக்க ஓட்டும் அளவுக்கு ஆட்கள் இருந்தால் சிமுலேட்டர். இல்லாவிட்டால் செயற்கைக் கண்கள், ஒரு பழைய நுண்ணோக்கி, அதில் ஒரு கேமரா. அதற்கும் வழியில்லையென்றால் கசாப்புக் கடை ஆட்டுக் கண். அதன் வில்லை மென்மையாக இருக்கும், ஃபார்மலின் செலுத்தி இறுகச் செய்தால்தான் கண்புரை போல நடந்துகொள்ளும். தக்காளித் தோலில் ரெக்சிஸ் பழகியவர்களையும் நான் அறிவேன். எதில் பழகினாலும் பதிவு செய்து, மேலே சொன்ன பட்டியல்படி மதிப்பெண் போட ஒருவர் இருக்க வேண்டும். அந்த ஒருவர் எந்த நாட்டில் இருந்தாலும் சரி.

நேரலை வழிகாட்டலுக்கு நான் ஏன் கடைசி இடம் தருகிறேன் என்று சொல்ல வேண்டும். 2001 செப்டம்பர் 7 அன்று நியூயார்க்கில் உட்கார்ந்தபடி பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஜாக் மாரெஸ்கோ, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் இருந்த நோயாளியின் பித்தப்பையை ரோபோ கைகளால் அகற்றினார். தாமதம் ஏறத்தாழ 155 மில்லிவினாடி. தொழில்நுட்பம் முடியும் என்று அன்றே காட்டியாயிற்று. இன்றைய இணைய வேகத்தில் ஆசிரியர் பார்த்துப் பேசுவதற்கு அது தடையாக இருக்காது. தடை வேறு இடத்தில்.

கண்புரை அறுவையில் நோயாளி விழித்திருக்கிறார். கண் மட்டும் மரத்திருக்கும், காது நன்றாகக் கேட்கும். "ஐயோ, அங்கே வேண்டாம், நிறுத்துங்கள்" என்று ஒலிபெருக்கியில் வெளிநாட்டுக் குரல் வந்தால் மேசையில் இருப்பவர் நிலைமையை நினைத்துப் பாருங்கள். காதுக்குள் மாட்டும் இயர்போன் அவசியம். அது இருந்தாலும், ரெக்சிஸின் கிழிசல் வழிமாறி ஓடிப்போக ஒரு நொடி போதும். பார்த்து, புரிந்து, சொல்லி, கேட்டு, கை நிற்பதற்குள் முடிந்துவிடும். பக்கத்தில் இருக்கும் சீனியர் கருவியை வாங்கி மிச்சத்தை முடிப்பார். திரையில் இருப்பவரால் அது முடியாது. ஆகவே புதியவர் செய்யும் கேஸில் உள்ளூர் சீனியர் ஒருவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். அவர் இருக்கிறார் என்றால் கடல் கடந்த குரல் எதற்கு?

சட்டமும் இந்த இடத்தில் கைவிட்டுவிடுகிறது. இந்திய அரசு 2020 மார்ச்சில் வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள், தொலைவிலிருந்து அறுவை செய்வதையும் இந்திய எல்லைக்கு வெளியே நடக்கும் ஆலோசனைகளையும் தம் வரம்புக்குள் சேர்க்கவில்லை. தவறு நடந்தால் பொறுப்பு கத்தி பிடித்தவரின் தலையில் என்றுதான் நடைமுறையில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதே நேரலை வழிகாட்டல் பொன்னாக மாறும் இடமும் உண்டு. குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரை நோயை எடுத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை தேவைப்படும் கட்டம் வந்துவிட்டால் மூன்று நாட்களுக்குள் லேசர் செய்துவிட வேண்டும். ஆர்மீனியாவில் இதைச் செய்ய ஆளில்லாத நிலையில், லாஸ் ஏஞ்சலிஸ் குழந்தைகள் மருத்துவமனை நிபுணர்கள் யெரெவானின் மருத்துவர்களுக்கு வீடியோ இணைப்பு வழியே கற்றுக்கொடுத்தார்கள். கற்பவர் ஏற்கெனவே தேர்ந்த கண் மருத்துவர், கை பழகியது; தெரியாதது இந்த ஒரு நோய். நாட்டில் கேட்க வேறு ஆளில்லை, குழந்தையால் காத்திருக்க முடியாது. மாறுகண், குழந்தைகளின் கண்புரை, கண் அழுத்த நோய்க்குக் குழாய் பொருத்துவது ஆகியவையும் இதே கணக்கில் வரும். அடிப்படைக் கண்புரை இந்தக் கணக்கில் வராது.

வருகை தரும் குழுக்களைப் பற்றிச் சுருக்கமாக. ஆர்பிஸின் பறக்கும் கண் மருத்துவமனை 1982இல் டிசி-8 விமானத்தில் தொடங்கியது. 2016இல் மூன்றாவது விமானமாக எம்டி-10 அறிமுகமானது. உள்ளே முழு அறுவை அரங்கம். இது வந்தால் அறுவையாளருக்குக் கிடைப்பதை விட மயக்க மருத்துவருக்கும் செவிலியருக்கும் கருவிகளைப் பழுது பார்ப்பவருக்கும் கிடைப்பது அதிகம் என்பது என் எண்ணம். ஃபேகோ எந்திரம் பழுதாகித் துணி போர்த்தி மூலையில் கிடக்கும் மருத்துவமனைகளுக்கு இன்னொரு வெபினாரை விட ஒரு டெக்னீஷியனுக்குத் தரும் பயிற்சி பெரிது. ஆனால் நாம் தேர்ந்தெடுக்கக்கூடிய வாய்ப்பு அல்ல இது; நம் நாட்டுக்கு அவர்கள் வந்தால் உண்டு.

பயணம் மிச்சம் இருக்கிறது. 1976இல் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இன்று உலகத்தின் பல நாடுகளில் இருந்தும் மருத்துவர்கள் எஸ்.ஐ.சி.எஸ். கற்க வரும் இடம். அங்கே ஒரு மாதம் இருப்பவர், சில நாடுகளில் பல மாதங்களுக்கு ஆகும் எண்ணிக்கையில் கேஸ்களைப் பார்த்துவிடுவார். அதைவிட முக்கியம், அறுவைக்கு வெளியே நடப்பது. ஓர் அறுவையாளருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் முடிக்கும்போது அடுத்ததில் நோயாளி தயார். கருவிகள் எப்படிச் சுற்றி வருகின்றன, பயிற்சி பெற்ற பெண் உதவியாளர்கள் எதையெல்லாம் மருத்துவரின் தலையில் இருந்து இறக்கி வைக்கிறார்கள் என்பதை எந்தக் கேமராவும் காட்டாது. ஒரு மருத்துவமனையை மாற்றியமைக்கப் போகும் தலைவர் பயணமாகத்தான் வர வேண்டும், அதுவும் செவிலியர் கண்காணிப்பாளரையும் அழைத்துக்கொண்டு.

வெளிநாட்டவர் இந்தியாவில் நோயாளியின் கண்ணில் கை வைக்கத் தேசிய மருத்துவ ஆணையத்தின் தற்காலிக அனுமதி வேண்டும். அதைக் கவனிக்காமல் சேர்ந்தால் பார்வையாளராக மட்டும் நின்று திரும்ப நேரும். பார்வையாளராக நிற்பதற்கு விமானக் கட்டணம் கொடுப்பது வீண். அந்தப் பகுதியைத் திரை இலவசமாகவே தருகிறது.

பயணத்தின் உண்மையான ஆபத்து, திரும்பி வந்த பிறகு தொடங்குகிறது. ஒலிம்பிக்ஸ் ஆய்வில் அதிகம் பேசப்படாத ஓர் எண் உண்டு. ஐந்து நாள் பயிற்சி பெற்றவர்கள் அடுத்த ஓராண்டில் செய்த கண்புரை அறுவைகள் சராசரியாக 21.5. பெறாதவர்கள் 8.5. பயிற்சி பெற்றவர் அதிகம் செய்தார் என்பது நல்ல செய்தி. ஆனால் நன்கு பயிற்சி பெற்ற ஒருவருக்கே மாதம் இரண்டு கேஸ்கூட வரவில்லை! ஏழை நாடுகளில் பத்து லட்சம் பேருக்குச் சராசரியாக 3.7 கண் மருத்துவர்கள், பணக்கார நாடுகளில் 76.2 என்று 2015ஆம் ஆண்டுக் கணக்கு சொல்கிறது. மருத்துவருக்குப் பஞ்சம், கண்புரைக்குப் பஞ்சமே இல்லை, ஆனாலும் பயிற்சி மருத்துவரின் மேசைக்குக் கேஸ் வரவில்லை. லென்ஸ் இல்லை, தையல் நூல் இல்லை, தியேட்டர் நாள் இல்லை, சீனியர் கேஸ் தரவில்லை, நோயாளிக்குப் பேருந்துக் காசு இல்லை. இந்தப் பட்டியலை எந்தப் பயிற்சியும் தீர்க்காது. கையில் இருக்கும் தொகையை ஒரு டிக்கெட்டுக்குச் செலவிடுவதா, முகாம் நடத்தி நூறு நோயாளிகளை அழைத்து வருவதா என்று கேட்டால், பல இடங்களில் முகாமே நல்ல பயிற்சித் திட்டம்.

ஆக, யாருக்கு எது? கேஸ்கள் தாராளமாக வரும் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரியில் இருக்கும் பயிற்சி மருத்துவர் எங்கும் போக வேண்டாம். நுண்ணோக்கிக்கு ஒரு கேமரா கேட்டு வாங்கி, ஒவ்வொரு கேஸையும் பதிவு செய்து, மாதம் இரண்டை வெளியே இருக்கும் ஒருவரிடம் மதிப்பெண்ணுக்கு அனுப்பினால் போதும். வெளியே என்றால் வெளிநாடு என்றும் இல்லை. அடுத்த மாவட்டத்தில் இருப்பவரும் உங்கள் துறைத்தலைவரைச் சங்கடப்படுத்தாமல் உண்மையைச் சொல்வார். வருடத்துக்குப் பத்து கேஸ் மட்டும் கிடைக்கும் இடத்தில் இருப்பவருக்கு முதலில் செயற்கைக் கண் பயிற்சி, அதற்குத் தொலைவிலிருந்து மதிப்பீடு, அப்புறம் கேஸ்கள் குவியும் இடத்துக்கு ஒரு மாதப் பயணம். இந்த வரிசையை மாற்றினால் பயணத்தின் முதல் இரண்டு வாரம் அடிப்படையைக் கற்பதிலேயே போய்விடும். எஸ்.ஐ.சி.எஸ்.ஸில் தேர்ந்து, நடுவயதில் ஃபேகோவுக்கு மாற நினைப்பவருக்குச் சிமுலேட்டர் நன்றாகப் பொருந்தும். அவர் புதிதாகப் பழக்க வேண்டியது காலைத்தான். குழந்தைக் கண் பிரிவு தொடங்க நினைக்கும் மருத்துவமனைக்கு நேரலை வழிகாட்டல், அதுவும் ஆசிரியர் ஒரு முறையாவது நேரில் வந்து தியேட்டரையும் மயக்க மருத்துவ வசதியையும் பார்த்த பிறகு.

கட்டணம் கேட்கும் இணையவழிப் படிப்புகளும் இப்போது கைப்பேசியில் விளம்பரமாக வந்துகொண்டே இருக்கின்றன. சர்வதேச ஃபெலோஷிப் என்ற பெயர், கீழே நாலைந்து நாட்டுக் கொடிகள். சேரும் முன் அவர்களிடம் மின்னஞ்சலில் சிலவற்றைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். என் கையால் செய்த எத்தனை வீடியோக்களை யார் பார்ப்பார்கள்? எத்தனை நாளில் பதில் வரும்? எந்தப் பட்டியல்படி மதிப்பெண்? செயற்கைக் கண்கள் வீட்டுக்கு அனுப்புவீர்களா, எத்தனை? தேர்ச்சி பெறாவிட்டால் சான்றிதழ் தராமல் நிறுத்துவீர்களா? கடைசிக் கேள்விக்கு "எல்லோருக்கும் சான்றிதழ் உண்டு, கவலை வேண்டாம் டாக்டர்" என்று பதில் வந்தால், அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல கேமரா அடாப்டர் வாங்கிவிடலாம்.